ஐம்பது வீட்டு பாத்ரூம்

ஒரு நாளைக்கு ஐம்பது வீட்டு பாத்ரூமுக்குள் போய்விட்டு வருகிறேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, என் வேலையே அதுதான். மாநகராட்சியில் ஒப்பந்தத்தில் கொசுப்புழு பார்க்கிறவள் நான். வில்லாபுரத்தில் எட்டுத் தெரு என் பொறுப்பு. காலையில் எட்டு மணிக்குக் கையில் டார்ச்சும் தோளில் பையுமாகக் கிளம்பினால், கேட்டைத் தட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டு, உள்ளே போய், பாத்ரூம் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கிற ஓட்டை வாளி என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த வீடு. முனீஸ்வரி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது அந்தத் தெருக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கொசுக்காரி என்பார்கள்.

அந்த ஐம்பது பாத்ரூமில் ஒன்றில்கூட நான் ஒன்றுக்குப் போனதில்லை. நான்கு வருஷமாக.

தண்ணி குடிக்கிறியாம்மா என்று கேட்காத வீடு குறைவு. எங்கள் ஊர்க்காரர்கள் அதில் குறை வைக்க மாட்டார்கள். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் ஒருத்தரும் யோசித்ததில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. தொட்டியில் புழு கிடந்தால் வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சத்தம் போடுவேன், அதற்கெல்லாம் வாய் இருக்கிறது. இதற்கு இல்லை. அதனால் நான் கண்டுபிடித்த வழி குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர் காப்பி. அதற்கப்புறம் மூன்று மணிக்கு வீடு திரும்புகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

அதற்குக் கூலியாக வந்ததுதான் நீர்க்கடுப்பு. முதல் தடவை வந்தபோது பயந்தேன். இந்த வருஷம் ஐந்தாவது தடவை வந்தபோது பயமெல்லாம் இல்லை, அலுப்புதான் வந்தது. போகவேண்டும் போலவே இருக்கும், போனால் நாலு சொட்டுதான் வரும், நாலு சொட்டும் மிளகாய்த்தூளாக எரியும். எழுந்து வந்து உட்கார்ந்தால் மறுபடியும் போகத் தோன்றும். ராத்திரியில் பத்துத் தடவை தாழ்ப்பாள் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் அழகுபாண்டி, "உனக்கு இதே பொழப்பாப் போச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். கோபத்தில் சொல்வதில்லை. அவருக்கும் அலுத்துவிட்டது.

வைத்தியமும் பார்க்காமல் இல்லை. மருந்துக்கடையில், "அண்ணே, போன தடவை குடுத்த அதே மாத்திரை, நாலு" என்று வாங்குவேன். இரண்டு போட்டதும் எரிச்சல் அடங்கும். மிச்சம் இரண்டை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பேன். சுத்தமாக இருக்கவேண்டும் என்று கழுவுகிற தண்ணீரில் டெட்டால் ஊற்றிக்கொள்வேன். மாமியார் சீனியம்மாள், "எல்லாம் சூடு" என்று கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவி விடுவார். பெருவிரலில் சுண்ணாம்பு வைத்தால் நீர்க்கடுப்பு இறங்கும் என்பது அவர் கணக்கு. இறங்கியதோ என்னவோ, தடவிவிட ஒரு ஆள் இருந்தது ஆறுதலாக இருந்தது.

ஐந்தாவது தடவைதான் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே டாக்டர் பவதாரிணி. வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த முகம். மாத்திரை எதுவும் போடுவதற்கு முன்னால் சிறுநீர் வாங்கி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். சீட்டு வந்ததும் என்னை உட்கார வைத்தார்.

"பாருங்கம்மா. பாதி மாத்திரை, பாதி மாத்திரையாப் போட்டுப் போட்டு கிருமியப் பழக்கி வச்சிருக்கீங்க. இந்தச் சீட்டுல இருக்கற இம்புட்டு மாத்திரையில ஒண்ணோ ரெண்டோதான் இப்ப கேக்கும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டு. ஏழு நாள், பதினாலு காப்ஸ்யூல். நல்லாயிருச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. டெட்டாலைத் தூக்கிப் போடுங்க. வெறும் தண்ணி போதும்."

"சரிங்க டாக்டர்."

"ரெண்டரை லிட்டர் தண்ணி குடிக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒருக்க போயிரணும். அடக்கவே கூடாது. குளிர் காய்ச்சல்னு வந்தா கிட்னிக்கு ஏறியிருச்சுன்னு அர்த்தம். பெரியாஸ்பத்திரில பத்து நாள் படுக்க வச்சு ட்ரிப்ஸ்லதான் மருந்து ஏத்தணும்."

பத்து நாளுக்கு நான் எங்கே போவேன்? மூன்று நாளுக்கு மேல் வராவிட்டால் என் தெருக்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் மேற்பார்வையாளர் மலைச்சாமி அண்ணன் நல்ல மனுஷன், ஆனாலும் போன மாதமே சொல்லிவிட்டார்: "ரெண்டு பொம்பளைங்க இந்த எடத்துக்குக் காத்துக் கெடக்காங்க முனீஸ்வரி. எங்கையில ஒண்ணும் இல்ல." காய்ச்சல் வரக்கூடாது, அவ்வளவுதான். வந்தால் வேலை போச்சு.

மறுநாள் சனிக்கிழமை, மூன்றாவது தெருவில் ஷெரின் டீச்சர் வீட்டில் செருப்பைக் கழற்றினேன். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர். எந்நேரமும் விறைப்பாக இருப்பார். அட்டையை எடுத்து நீட்டினவர் என் காலைப் பார்த்தார். பெருவிரல் இரண்டிலும் மாமியார் தடவிய சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"நீர்க்கடுப்பா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆமா டீச்சர்."

"எனக்கும்தான். வருஷத்துக்கு நாலு தடவை வருது. முப்பது டீச்சருக்கு ஒரே பாத்ரூம். இண்டர்வெல் பத்து நிமிஷம். வரிசையில நிக்கிறதுக்குத் தண்ணி குடிக்காமயே இருந்துரலாம்னு இருந்துர்றது." அட்டையை என் கையில் கொடுத்து, "நீ எங்க போவ?" என்றார்.

நான்கு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "போறதில்ல டீச்சர்" என்றேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெளி பாத்ரூமைத் திறந்துவிட்டார். "நான் இல்லாட்டியும் சாவி இந்த ஜன்னல்ல இருக்கும். எந்தத் தெருவுல இருந்தாலும் வந்து போயிக்க" என்றார். அன்றிலிருந்து பையில் ஒரு லிட்டர் பாட்டில் வைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு எட்டாவது தெருவில் நின்றாலும் மூன்றாவது தெருவுக்கு நடந்து வந்துவிடுவேன். மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் எரிச்சல் சுத்தமாக நின்றது. உலகத்தில் இப்படியும் ஒரு சுகம் இருக்கிறது என்று மறந்தே போயிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் டீச்சர் வேலைக்குக் கிளம்பி, கேட்டருகே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு அதிகாரிகள் வருகிறார்களாம், லீவு போட முடியாதாம். டாக்டரிடம் போக நேரமில்லை. "உனக்குக் குடுத்தாங்கள்ல, அந்த மாத்திரை பேரு என்ன?" என்று கேட்டார்.

நான் பெயரைச் சொல்லவில்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையையே எடுத்து நீட்டிவிட்டேன். மிச்சம் ஆறு காப்ஸ்யூல் இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலைக் கொத்தை எட்டிக் கொடுப்பதுபோலக் கொடுத்தேன். "எனக்கு நல்லாயிருச்சு டீச்சர், நீங்க போடுங்க." அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை நாள் அவர் வீட்டுப் பின்பக்கம் திருடி மாதிரி நுழைந்து வந்தவள், அன்றைக்குத்தான் நிமிர்ந்து நடந்தேன்.

நாலு நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. விலாவுக்குக் கீழே கை வைக்க முடியவில்லை. அழகுபாண்டி என்னைப் பைக்கில் வைத்துச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் பவதாரிணி முதுகில் தட்டிப் பார்த்தார். நான் கத்திவிட்டேன்.

"ஏழு நாளும் போட்டீங்களா?"

"போட்டேன் டாக்டர்."

"பதினாலும்?"

"பதினாலும்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப இந்த மருந்துக்கும் கிருமி கேக்கல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இன்னைக்கே போய்ப் படுத்துருங்க" என்று சீட்டை இழுத்தார். பேனா ஓட ஆரம்பித்தது. பத்து நாள். என் எட்டுத் தெருவும் யாரோ ஒருத்தியின் டார்ச் வெளிச்சத்தில் போவது எனக்குத் தெரிந்தது. பொய் சொன்னதற்கு வெட்கம் ஒரு பக்கம், மருந்து கேட்காத கிருமி என்று தப்பாக நினைத்து எழுதுகிறாரே என்ற பயம் ஒரு பக்கம்.

"எட்டுத்தான் போட்டேன் டாக்டர்" என்றேன். "மிச்சத்த ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்."

பேனா நின்றது. "குடுத்துட்டீங்களா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. எதுக்குக் குடுத்தீங்க?"

"அவுக வீட்டு பாத்ரூம்ல என்னையப் போக விட்டாக. பதிலுக்குக் குடுக்க எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

திட்டத்தான் வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, எழுதின சீட்டை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். மறுபடியும் சிறுநீர் வாங்கிச் சோதனைக்கு அனுப்பினார். "மருந்து கேக்காமப் போகல, நீங்கதான் பாதியில விட்டுட்டீங்க. காய்ச்சல் இருக்கறதால ஊசி போட்டே ஆகணும். தினம் காலைல இங்க வந்து போட்டுக்கங்க. ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கலேன்னா மட்டும் பெரியாஸ்பத்திரி. அவங்களையும் வரச் சொல்லுங்க, உங்க மாத்திரை அவங்களுக்குச் சேரும்னு யாரு சொன்னா?" என்றவர், "ஒரு நாளைக்கு எத்தனை வீடு பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"அம்பது."

"மத்த நாப்பத்தொம்பது வீட்டுலயும் விடமாட்டேன்னுட்டாங்களா?"

"கேட்டதில்ல டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு எழுதத் தெரிஞ்ச மருந்தெல்லாம் எழுதிட்டேம்மா. இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல" என்றார்.

இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. இரண்டு நாள் லீவோடு தப்பித்து, மூன்றாம் நாள் ஊசி போட்ட கையோடு வேலைக்குப் போனேன். முதல் வேலையாக, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷெரின் டீச்சரைக் கேட்டருகே பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு காப்ஸ்யூல் போட்டதும் எரிச்சல் நின்றுவிட்டதாம், நாலை அடுத்த தடவைக்கு பிரிட்ஜில் வைத்திருக்கிறாராம். என்னையே கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது.

"அத எனக்கும் குடுக்காதீங்க, நீங்களும் போடாதீங்க டீச்சர். போய் டெஸ்ட் குடுங்க."

"டாக்டர்ட்ட எம் பேரச் சொன்னியா?"

"இல்ல டீச்சர்."

"பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். முகம் சுருங்கித்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு அவர் வீட்டு ஜன்னலில் சாவி இல்லை. மறந்தாரோ, மனசு கசந்து எடுத்து வைத்தாரோ, எனக்குத் தெரியாது. பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்திருந்தேன். காலை ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றேன். பழைய புத்தி, இன்னும் நாலு மணி நேரம்தானே, அடக்கிக்கொள் என்றது. விலாவுக்குக் கீழே இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

அடுத்த கேட்டைத் தட்டினேன். வந்த அம்மாள், "போன செவ்வாக்கெழமதான பாத்ரூம் பாத்துட்டுப் போன?" என்றாள்.

"பாக்க இல்லக்கா. எனக்குப் போகணும்."

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். "மோட்டார் ரிப்பேரு. தண்ணி இல்ல" என்றாள். முற்றத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சரிக்கா என்று திரும்பினேன். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் செத்துப்போய்விடவில்லை. இல்லை என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்தா நாலு வருஷம் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எதிர் வீட்டில் பேயாண்டி என்று ஒருவர், மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர், காது மந்தம். அவரே கேட்டுக்கு வந்தார். "கொசுவா?" என்றார்.

"அது அப்புறம்ண்ணே. மொதல்ல உங்க பாத்ரூம்ல ஒண்ணுக்குப் போய்க்கிறேன்" என்றேன், அவருக்குக் கேட்கிற மாதிரி.

அவர் உள்பக்கம் திரும்பி, தனக்குக் கேட்காததால் யாருக்குமே கேட்காது என்ற நினைப்பில், பெருங்குரலெடுத்தார். "ஏத்தா, கொசுக்காரப் பிள்ளைக்கு ஒண்ணுக்குப் போகணுமாம். வாளியில தண்ணி கெடக்கான்னு பாரு."

தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. எட்டிப் பார்க்கட்டும் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.