பூஜை அலமாரித் தூக்குப்போசி

தங்கவேலு அண்ணனுக்குத் துணியைத் தொட்டாலே அதன் எடை தெரியும். அப்புறம் எடை மெஷினில் வைத்துப் பார்த்தால் அதேதான் காட்டும். வேலம்பாளையத்தில் மூன்று தையல் மெஷினோடு தொடங்கி, இன்று முந்நூறு பேருக்கு வேலை கொடுக்கிறவர். என் மகள் அபிராமிக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் கம்பெனிப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் போன திங்கட்கிழமை அதே மனிதர்தான் அத்தனை பேர் முன்னால் என்னைத் திருடனாக்கினார்.

காணாமல் போனது ஒரு டி-ஷர்ட். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் பார்த்து, சரியென்று சீல் வைத்துக் கொடுத்த சாம்பிள். அதைப் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டரான நான் துணியை வெட்ட வேண்டும். போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டால் ஆர்டரும் கூடவே போய்விடும். அண்ணன் அதை யார் பொறுப்பிலும் விடமாட்டார். வாரத்துக்கு ஓர் இடமாக மாற்றி மாற்றி அவரே ஒளித்து வைப்பார்.

மத்தியானம் எல்லோரையும் கம்பெனி கேட் அருகே நிறுத்தி, அவரவர் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்கச் சொன்னார். சோற்றுப் பாத்திரத்தில் துணி போகும் என்று வேறு எந்த முதலாளிக்கும் தோன்றாது. முதலில் என் போசி. புளிச்சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"போசியில துணி போற வழி உனக்குத் தெரியாததா, முருகேசு?"

தெரியும்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் இருவரும் வேறொரு கம்பெனியில் ஒரே கட்டிங் மேஜையில் நின்றோம். அங்கிருந்த சாம்பிள் ஒன்றைத் தன் போசியில் வைத்துக் கொண்டுபோய்த்தான் இவர் முதல் ஆர்டரைப் பிடித்தார். மூடி போட்டவன் நான். என் மனைவிக்குக்கூட அதைச் சொன்னதில்லை. தான் திருடி பிறரை நம்பாள் என்பார்கள். இவரோ, கூடவே இருந்தவனையும் நம்பவில்லை.

கடைசியாக, செக்கிங் பார்க்கும் விஜயராணியின் டப்பாவும் திறந்தாயிற்று. எதிலும் இல்லை. அப்படியும் சந்தேகம் என்மேல்தான்; நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றார்.

எதிரே ஆபீஸ் கதவு திறந்திருந்தது. பூஜை அலமாரியில் அவருடைய அந்தப் பழைய போசி, பொட்டும் பூவுமாக. இதில் கம்மஞ்சோறு கொண்டுவந்துதான் முன்னுக்கு வந்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

"எல்லாத்தோடதும் பாத்தாச்சுங்ணா. அது ஒண்ணுதான் பாக்கி," என்றேன்.

முறைத்தார். பிறகு அவர் முகம் மாறியது. தான் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே போய் எடுத்துவந்து திறந்தார். நான்காய் மடித்த டி-ஷர்ட், சீலோடு இருந்தது.

தப்பாய்ப் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் மீதி ஆயுளையும் அவரிடமே கழித்திருப்பேன்.

அவர் மெதுவாக மூடியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான் இருக்கும்னு உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"அன்னைக்கு மூடி போட்டவன் நாந்தானுங்ணா."

மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. அவர் கிளறிப் போட்ட புளிச்சோற்றை வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.