உடைந்த கிரீம் பிஸ்கட்

பிஸ்கட் ஆலையில் கிரீம் கலக்கும் பிரிவில் வேலை செய்கிறவளுக்கு, அந்தக் கிரீமில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? பெட்டியைக் கிழித்தால் மெழுகுக்கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று கொழுப்பு. கொளுத்தும் வெயிலிலும் லேசில் உருகாது. சர்க்கரைத் தூளும் வாசனையும் சேர்த்து இயந்திரம் அடித்துத் தள்ளினால் அதுதான் கிரீம். பாலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும், "பால்ல செஞ்சதாடி?" என்று அம்மா கேட்டபோதெல்லாம், "ஆமாம்மா, சுத்தமான பால்" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

உடைந்த பிஸ்கட்டை ஆலை விற்பதில்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் ஆளுக்கொரு பை அள்ளிக்கொள்ளலாம். மற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார்கள். இவள், தனியாக இருந்த அம்மாவுக்கு. போகிற வழியில்தான் வீடு. செருப்பைக்கூடக் கழற்றாமல் பையை மேசையில் வைத்து, "சாப்பிடும்மா, நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். அம்மாவும் ஒருத்திக்காக அடுப்பை மூட்டுவானேன் என்று, டீயில் நனைத்து நனைத்து அதையே ராத்திரிச் சாப்பாடாக்கிக்கொண்டாள். மகளுக்கும் அது சௌகரியம்தான். பையை வைத்தால் கடமை முடிந்ததே, மகாராணிக்கு!

அப்புறம் மறதி வந்தது. முதலில் சாவியைத் தொலைத்தாள் அம்மா. பிறகு, எப்போதோ செத்துப்போன அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே என்று வாசலில் நின்றாள்.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டபோது, இவள் மென்று விழுங்கித்தான் சொன்னாள்.

"இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் அவர். "வயசு இருக்கு, பரம்பரை இருக்கு. ஆனா இந்த மாதிரிக் கெட்டியாக்கின கொழுப்பு ரத்தக்குழாய்க்கு ஆகாது. அதுக்கு ஆகாதது மூளைக்கு மட்டும் ஆகுமா? நிறுத்திடுங்க."

அடித்துச் சொல்ல முடியாது என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் கையாலேயே கொடுத்துக் கெடுத்தேனே என்று வீடு வரும்வரை மனசு குத்தியது.

மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். பிஸ்கட் நின்றது. கீரையை மசித்து, காயை வேகவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். செய்த பாவத்தையெல்லாம் ஒரே மூச்சில் கழுவிவிடுகிற அவசரம் அவளுக்கு. அம்மா மறுக்காமல் சாப்பிட்டாள். ஆனால் சாயந்திரமானால் கண் வாசலிலேயே இருக்கும்.

ஒருநாள், வாயருகே வந்த கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்ல பொண்ணா இருக்கே. உன்கிட்ட சொன்னா என்ன? எனக்கு ஒரு மக இருக்கா. தினம் பிஸ்கட் கொண்டுவருவா."

"அப்படியா?"

"இப்ப வர்றதில்ல. நான்தான் ஏதாவது வெடுக்குன்னு பேசியிருப்பேன். என்ன பேசினேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

ஒரே ஒரு பையை மேசையில் வைத்தால் போதும், மறுபடியும் மகளாகிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று. விழுங்கிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பேசலம்மா," என்றாள். "தப்பெல்லாம் அவமேலதான்."

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என் மகளைக் குறை சொல்ல நீ யாருடி?"

கையைத் தட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.