டீசல் அடித்த வண்டி

என் கையால் மாட்டிய ரப்பர் சீல் ஒழுகாது. திமிரில் பேசுகிறேன் என்று ஜீவனஹள்ளியில் சிலர் சொல்வதுண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்கள் ஸ்கூட்டரும் என் ஒர்க்‌ஷாப் வாசலில்தான் நிற்கிறது. ஆனால் என் தங்கை சோனியாவின் ஏடிவி மட்டும் மூன்றாவது முறையாகப் பின் பிரேக்கில் ஒழுகியது.

ஏடிவி என்றால் நான்கு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார். கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு சோனியாவும் அவள் புருஷன் இளங்கோவனும் அத்திபெலேக்கு அப்பால் அதில் சவாரி விடுகிறார்கள். இடம் ரகுராம் என்பவருடையது. அங்கே ஒரு மேடு, அதிலிருந்து நீளமான செம்மண் சரிவு. ஜனங்கள் வருவதே அந்தச் சரிவுக்காகத்தான். போன ஞாயிற்றுக்கிழமை அதில் பிரேக் பிடிக்காமல் வண்டி வேலியில் போய் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ரகுராம் பார்த்துவிட்டார். சனிக்கிழமை காலையில் வருவேன், சரிவில் நிற்காவிட்டால் இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே டூல்ஸை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன்.

"வேற மெக்கானிக்கப் பாருங்கன்னு ரகுராம் சார் சொல்றாருக்கா," என்றாள் சோனியா.

"நீ என்ன சொன்ன?"

"எங்க அக்காவே பாத்துக்கும்னேன்."

சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஊரே சந்தேகப்படட்டும், இவளா?

வண்டி பளபளவென்று நின்றது. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரில் ஈரம் தெரிந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். பிரேக் ஆயில் வாடையோடு இன்னொரு வாடையும் வந்தது.

"இதுக்கு யாரு டீசல் அடிச்சது?"

"நான்தாங்க்கா," என்றார் இளங்கோவன் பெருமையாக. "நீங்க சரி பண்ணிக் குடுக்குற ஒவ்வொரு வாட்டியும் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு, பின்னாடி ஃபுல்லா டீசல் ஸ்ப்ரே பண்ணிடுவேன். மண்ணு ஒட்டாது. ஷோக்கா இருக்கும்."

சவாரித் தொழிலுக்கு வருமுன் இளங்கோவன் லாரி ஓட்டியவர். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பக்கம் முழுக்க டீசல் அடித்தால்தான் லாரிக்காரர்களுக்கு மனசு ஆறும்.

"மாப்ள, லாரிக்குக் காத்து பிரேக்கு. இதுக்கு ஆயில் பிரேக்கு. இதோட ரப்பருக்கு டீசல் ஆகவே ஆகாது. முன்னாடி ரெண்டு தடவையும் கேலிப்பரை மட்டும் கழட்டி எடுத்துனு வந்தீங்களே, அப்ப ஏன் வாடை வரல?"

"சோப்பு போட்டுக் கழுவித்தான எடுத்துனு வந்தேன்," என்றார். "அழுக்கும் வாடையுமா உங்க கைல எப்படிக்கா குடுக்கிறது?"

மரியாதை. என் மேல் வைத்த அந்த மரியாதைதான் என் பேரைக் கெடுத்திருக்கிறது. இரண்டு முறையும் சீல் உப்பியிருந்ததைப் பார்த்து, மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டை வேறு போட்டிருந்தேன்.

கேலிப்பரைப் பிரித்துப் பிஸ்டனை வெளியே எடுத்தேன். நல்லவேளை, அதில் கீறல் இல்லை. உப்பிப்போன பழைய சீலையும் புது சீலையும் இளங்கோவன் உள்ளங்கையில் வைத்தேன். பழையது ஊறிய அப்பளம்போல் தொளதொளவென்று கிடந்தது. அவர் இரண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்தார்.

சோனியா கேட்டாள். "அப்ப உன் வேலைல தப்பே இல்லியாக்கா?"

"ஒரு தடவகூட இல்ல."

"நான் உன்ன சந்தேகப்பட்டுட்டேன்."

"தெரியும். அந்தத் துணிய எடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை நீட்டினாள். எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது.

சீல் உட்காரும் பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்தேன். புது சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்து உட்காரவைத்து, பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு நேராக உள்ளே போனது. டீசல் குடித்த பிரேக் பேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். கடைசியாக, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலை. சோனியா லீவரைப் பிடித்தாள், நான் கீழே ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.

"புடி."

"புடிச்சிட்டேன்."

கேலிப்பர் நட்டை லேசாகத் திறந்தேன். குமிழியோடு ஆயில் வந்தது. மூடினேன்.

"விடு."

குமிழி வருவது நிற்கும்வரை இதையே செய்தோம். லீவர் கல்லாக இறுகியது.

காலையில் வந்த ரகுராம், ராத்திரிக் காற்றில் புழுதி படிந்திருந்த வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனம்மா, கழுவக்கூட இல்லையா?"

"பிரேக்கப் பாருங்க சார்," என்றேன்.

நான் ஓட்டிக் காட்டுவதாகத்தான் பேச்சு. ஆனால் சோனியா என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். "நீ செஞ்ச வேலக்கா. நான் ஓட்டுறேன்."

வேகமாகத்தான் இறங்கினாள். சரிவு செங்குத்தாகும் இடத்தில், முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை மட்டும் பிடித்தாள். புழுதி கிளம்பி அடங்கியபோது வண்டி அங்கேயே நின்றது. ரகுராம் இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார். காலை ஊன்றி மறுபடியும் தள்ளினார். வண்டி அசையவில்லை.

"நாளைக்கு என் மகளைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார் மூச்சு வாங்கியபடி. "அவளுக்கு முதல் சவாரி."

இளங்கோவன் போய், டீசல் கேனை எடுத்து என் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார்.

"அக்கா, விடட்டா?" என்று சரிவிலிருந்து சோனியா கேட்டாள்.

"புடிச்சினே இரு," என்றேன். "சார் இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்."