வெளியூரான மைசூர்

மைசூர் ரயில் ஷெட்டுக்கு எதிரே வீடு கட்டி, பாதிரியாரை அழைத்து மந்திரித்துக் குடியேறிய அதே மாதம்தான் மெயில் டிரைவர் பர்னபாஸுக்கு அந்த உத்தரவு வந்தது.

மைசூரிலிருந்து வண்டியை ஓட்டிப்போய், அரசிக்கெரேயில் வேறு டிரைவரிடம் ஒப்படைத்து, ஓய்வெடுத்து, மறுநாள் திரும்புவது அவர் வேலை. இனி டிரைவர்களுக்குத் தலைமையிடம் அரசிக்கெரே என்று புதிதாக வந்த துரை தீர்மானித்தார். வண்டி அதே வண்டி, நேரமும் அதே நேரம். எது சொந்த ஊர், எது வெளியூர் என்பது மட்டும் மாறியது. இப்படிப்பட்ட மூளைகளைக் கப்பலேற்றி வரவழைப்பதில் செலவு பார்க்கவே கூடாது.

அரசிக்கெரேயில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். பர்னபாஸின் மனைவி ஜெசிந்தா போக மறுத்தாள். சுண்ணாம்பு வாசனைகூடப் போகாத வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டாளாம்.

வெளியூர் வந்த டிரைவர் ரன்னிங் ரூமில்தான் தங்க வேண்டும். அது டிரைவர்கள் ஓய்வெடுக்க ரயில்வே கட்டிய கூடம். மைசூரில் ஷெட் வாசலிலேயே, பர்னபாஸின் வீட்டைப் பார்த்தபடி இருந்தது. முதல் நாளே அவர் தெருவைக் கடந்து வீட்டுக்குப் போய்விட்டார். வேலையாக வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்மணியின் வீட்டில் தங்கியது ஏன் என்று மறுவாரம் விளக்கம் கேட்டார்கள். வீடும் தன்னுடையது, பெண்மணியும் தன் மனைவிதான் என்று எழுதிக் கொடுத்தார். உண்மையை ஒப்புக்கொண்டதற்காக அபராதத்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

அதன்பின் அவர் ஜன்னலில் நின்று, எதிர்வாசலில் கீரை ஆயும் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்கு முன்கூட இருவரும் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டதில்லை.

மழையில் ரன்னிங் ரூம் கூரை சரிந்தது. வாடகைக்கு இடம் தேடுகிறார்கள் என்று காவலாள் சித்தையன் சொன்னதும் ஜெசிந்தாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. வீட்டையே கொடுத்துவிட்டால் அவர் வீட்டில் படுக்கலாம். தான் பின்கட்டில் இருந்து சமைத்துப் போடலாம். மூன்று வருஷத்துக்குக் கையெழுத்தானது.

மறுநாள் சித்தையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். கொள்ளேகால் பக்கத்துக்காரன்.

"ஏனுங்கம்மா, ரன்னிங் ரூம்ல பொம்பளைங்க ராத்தங்கக் கூடாதுங்களாமா. ரூல் அப்படிங்க."

"என் வீட்லயா?"

"இப்ப அது வீடில்லீங்களே."

ஜெசிந்தா தங்கை ஐவியின் வீட்டுக்குப் போனாள். பர்னபாஸ் தன் சொந்தக் கட்டிலில் படுத்தார். அதற்கு நம்பர் அடித்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் குறட்டை விட்டார்கள்.

பார்வையிட வந்த துரை ஜன்னல் திரைகளையும் மாதா படத்தையும் ரசித்துவிட்டு, அசல் வீடு மாதிரியே இருக்கிறதென்று பாராட்டினார்.

"ஆமா சார், போன மாசம்வரைக்கும் வீடாத்தான் இருந்துச்சு," என்றார் பர்னபாஸ்.

துரை அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலை பர்னபாஸ் விதியை மீறி ஐவி வீட்டுக்குப் போனார். ஜெசிந்தா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அரசிக்கெரேயில் தண்ணீர் உப்பு, கொசுவும் அதிகம் என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும். அங்க ஒருநாள் விட்டு ஒருநாளாவது வீட்டுக்கு வருவீங்கல்ல," என்றாள்.

மறுநாள் அவர் ஓட்டிய வண்டியிலேயே மூன்றாம் வகுப்பில் ஏறிப் போனாள். குவார்ட்டர்ஸில் ஒரே அறை, சுவரெல்லாம் ஈரம். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. ஜெசிந்தா அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டினாள்.