ஆள் இருந்தால் மூடும் ஜன்னல்

பைன் மரத்தின் காய், மரத்தை விட்டு விழுந்து காய்ந்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். வெயிலில் வைத்தால் அதன் செதில்கள் விரியும். ஈரம் பட்டால் இறுக மூடிக்கொள்ளும். அதற்குள் மோட்டார் இல்லை, உயிர்கூட இல்லை. ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்கு. ஈரத்தில் வெளி அடுக்கு நீளும், உள் அடுக்கு அப்படியே இருக்கும். ஒட்டிப் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும்? இருவரும் சேர்ந்து ஒரு பக்கமாக வளைவார்கள். சூத்திரம் அவ்வளவுதான்.

கட்டட வடிவமைப்பாளரின் மகள் அதை மூன்று வருடம் உழைத்து ஜன்னலாக்கியிருந்தாள். தாள் போலச் சீவிய மரத்தை, ஈரத்துக்கு அசையாத மெல்லிய பிளாஸ்டிக்கோடு ஒட்டி, உள்ளங்கை அளவு இதழ்களாக வெட்டிச் சுவர் முழுக்க வரிசையாகப் பதித்தாள். காற்று வறண்டிருந்தால் இதழ்கள் சுருண்டு வழிவிடும். மழை வந்தால் நிமிர்ந்து மூடிக்கொள்ளும். அப்பாவின் அலுவலகத்துக்கு அதனால்தான் ஒரு பள்ளிக்கூடம் கட்டும் வேலை கிடைக்க இருந்தது: முப்பது வகுப்பறை, வேறு ஜன்னலே இல்லாமல்.

அவள் கணவனும் அங்கேதான் பொறியாளன். காற்றை அளக்கும் கருவி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதால் அலுவலகத்தில் அவனுக்கு 'மீட்டர்' என்று பெயர். போன வாரம் மாதிரிச் சுவர் பதித்த அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து கூட்டம் நடந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். மீட்டர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தான். இதழ்கள் எல்லாம் மூடியிருந்தன.

கண்ணாடியில் ஊதிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். மூச்சில் ஈரம் இருக்கிறது. மழை ஈரம் எது, மூச்சு ஈரம் எது என்று மரத்துக்குத் தெரியாது. உள்ளே ஆள் கூடக் கூட ஈரம் கூடும், ஈரம் கூடக் கூட இதழ் மூடும். காற்று மிக அவசியமான நேரத்தில் காற்று வராது. ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் தோட்டத்துத் தெளிப்பானிலும் சோதித்திருந்தார்கள். எல்லாம் ஆள் இல்லாத அறையில்.

பள்ளித் தாளாளர் அம்மா கையெழுத்துப் போட வந்த காலையில், "இன்னிக்கு மட்டும் வாயத் திறக்காதீங்க" என்று மனைவி காரிலேயே சொல்லியிருந்தாள். அவன் திறந்தான்.

"மாமா, மேல ஒரு சாண் இடைவெளி விட்டுடலாம். எப்பவும் மூடாத மாதிரி. அது போதும்."

வடிவமைப்பாளர் சிரித்தார். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும் மாப்பிள்ளை. மேடம், இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை. பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்க ஹால்ல காத்து பத்தலைன்னவரு."

தாளாளர் அம்மா சிரித்தார். மனைவியும் சிரித்ததை அவன் பார்த்தான்.

"பசங்க மயங்கிடுவாங்க மாமா. சும்மா சொல்லலை."

"அப்படியா? நம்ம கூண்டுல நீங்களே ஒரு மணி நேரம் உட்காருங்களேன். மேடமே பார்க்கட்டும்."

கூண்டு என்பது சோதனைப் பெட்டி. மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் இதழ்கள், ரப்பர் விளிம்பு வைத்த கதவு. ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்காரலாம். கையை விரித்தால் இடிக்கும்.

"தட்டினா உடனே திறந்துடறோம்" என்றார் மாமா. "ஆனா தட்டினா உங்களுக்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தம். தட்டலைன்னா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம். சரிதானே?"

காசு எப்படி விழுந்தாலும் தலை அவருக்குத்தான் என்பது மீட்டருக்குப் புரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டான். அவன் நம்பியது தட்டுவதை அல்ல. இதழ்கள் மூடுவதைத் தாளாளர் அம்மா கண்ணால் பார்ப்பார். மனைவி நேரத்தோடு குறித்துக்கொள்வாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு அளவைக்கூடப் பொய்யாக எழுதியதில்லை.

"மீட்டரைக் கொடுத்துட்டுப் போங்க" என்று மாமா அவன் பையிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டார். "மனுஷனே உள்ள இருக்கும்போது மெஷின் எதுக்கு?"

கதவு மூடியது. முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. இதழ்களின் வழியே வெளிக்காற்று கழுத்தில் பட்டது. பிறகு மேல் வரிசை நிமிர்ந்தது, அடுத்து நடு வரிசை. உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் பழைய குண்டு பல்பு ஒன்றைப் போலச் சூடு விடும். மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குக் கால் டம்ளர் தண்ணீரைக் காற்றில் கலக்கும். அந்தச் சின்னப் பெட்டிக்கு அது ஏராளம். பதினேழாவது நிமிடம் கீழ் வரிசையின் கடைசி இதழும் ஒட்டிக்கொண்டது. மனைவி கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். கண்ணாடி இன்னும் கொஞ்சம் மங்கியது.

அரை மணியில் சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றிப் பொட்டில் ஒரு சுத்தியல். நாற்பதாவது நிமிடம் கண் செருகியது. தூக்கம் வருகிறதா மயக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தட்டக் கை எழுந்தது. தட்டவில்லை. பனித்த கண்ணாடியில் விரலால், வெளியே இருப்பவர்கள் படிக்கும்படி இடவலம் மாற்றி, '17' என்று எழுதினான். ஒன்றைத் தாண்டி ஏழைத் திருப்பிப் போடவே அவனுக்கு நெடுநேரம் ஆனது.

"என்னமோ எழுதறாரே?" தாளாளர் அம்மாவின் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போல் கேட்டது.

"சின்னப் பசங்க பஸ் கண்ணாடியில கிறுக்குவாங்களே மேடம், அது மாதிரி" என்றார் மாமா.

ஒரு மணி நேரம் ஆனதும் கதவைத் திறந்தார்கள். அவன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வறண்ட காற்று உள்ளே போனது. '17' ஓரத்திலிருந்து கரைந்து மறைந்தது. அடுத்த சில நிமிடங்களில் இதழ்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டு திறந்தன.

தாளாளர் அம்மா கையைத் தட்டினார். "அட! ஆள் உள்ள இருந்தா மூடுது, வெளிய வந்தா திறக்குது!"

மாமா ஒரு நொடிதான் விழித்தார். "ஆமா மேடம். உள்ள ஆள் இருக்கறது அதுக்கே தெரியும்."

"பாடம் நடக்கும்போது ஒரு பய வெளிய வேடிக்கை பார்க்க முடியாது! இதுக்காகவே தனியா ஒரு வாத்தியாரைச் சுத்த விட்டிருக்கேன் நான்."

"மேடம், காத்து..." என்றான் அவன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "அவகிட்ட கேளுங்க. எழுதியிருக்கா."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் நோட்டைப் பிரித்தாள்.

"உள்ள இருந்தது அறுபது நிமிஷம்" என்று படித்தாள். "ஒரு தடவைகூடத் தட்டலை."

"அவ்வளவுதானாம்மா?"

"இதழ் எல்லாம் ஒழுங்கா அசைஞ்சுதுப்பா."

ஒரு எழுத்தும் பொய் இல்லை. அவள் நோட்டை மூடினாள். மூடும் முன் பதினேழு என்ற எண்ணை அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மாமா சோதனைச் சான்றிதழை மேசையில் வைத்தார். உள்ளிருந்து சோதித்தவர் என்ற இடத்தில் கோடு காலியாக இருந்தது. "போடுங்க மாப்பிள்ளை. உங்களைவிட யார் இதைச் சொல்ல முடியும்?"

"முப்பது கிளாஸ் மாமா. ஒரு கிளாஸுக்கு நாப்பது பசங்க."

"உங்க பொண்டாட்டிக்கு மூணு வருஷம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "வேண்டாம்னா அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

மனைவி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "தலை வலிக்குதா?" என்று கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"ஒரே ஒரு விஷயம்" என்றார் தாளாளர் அம்மா. "இன்னும் கொஞ்சம் சீக்கிரமா மூடுமா?"

"மரத்தை இன்னும் மெல்லிசா சீவினா மூடும்" என்றாள் மகள். "பத்து நிமிஷத்துல."

அவன் உள்ளங்கையின் வியர்வை தாளின் மேற்பக்கத்தை நனைத்திருந்தது. நனைந்த பக்கம் நீண்டது, நனையாத பக்கம் அப்படியே இருந்தது. சான்றிதழ் நடுவில் மெல்ல எழும்பி வளையத் தொடங்கியது. மாமா அதன் மேல் மீட்டரை எடுத்து வைத்தார்.