சிவப்புக் கோடு

வெங்கிடேஷுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் திமிரே உண்டு. வாரம் முழுக்க விமான நிலையத்தில் பெரிய விமானங்களைப் பழுதுபார்த்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவான். ஞாயிறானால், ஆலுவாவுக்கு அப்பால் நண்பர்களோடு பங்குக்கு வாங்கி நிறுத்தியிருக்கும் இரண்டு சீட்டு விமானத்தை ஓட்டுவான். அதற்கும் அவன்தான் மெக்கானிக். "நானே பாத்து நானே ஓட்டறேன். இதைவிட என்ன பத்திரம் வேணும்?" என்பான்.

இன்று காலை முதல்முறையாக மனைவி சீதாலக்ஷ்மியை ஏற்றிக்கொண்டு போய் மட்டாஞ்சேரியை மேலிருந்து காட்டினான். வீடு திரும்பியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. வெலிங்டன் தீவு தோசைக்கல் அளவுதான் இருந்ததாம். அவனோ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

காலையில் தரையிறங்கிய பிறகு விமானத்தைத் துடைக்கும்போதுதான் அது நடந்தது. வாலை அசைக்கும் கம்பியைப் பிடித்திருக்கும் நட்டு, விரல் பட்டதும் சுழன்றது. இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக நட்டின்மேல் சிவப்புக் கோடு போடுவார்கள். கோடு இருந்தது. அவன் போட்டதுதான். நேற்று மழை மூடிக்கொண்டு வர, நாளைக்குப் பறக்க முடியுமா என்று வானத்தையே பார்த்துக்கொண்டு, நட்டை இறுக்காமலே கோட்டைப் போட்டுவிட்டான். இன்று காலை ஓட்டுகிறவனாகச் சுற்றிப் பார்த்தபோதும் தொட்டுப் பார்க்கவில்லை. நாம் போட்ட கோடுதானே என்று தாண்டிவிட்டான். பாழாய்ப்போன நம்பிக்கை! மேலே இருக்கும்போது அது கழன்றிருந்தால் இவள் இப்போது இல்லை.

"ஏன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை என் தங்கை கமலாக்ஷியைக் கூட்டிண்டு போங்கோளேன்."

"இனிமே நான் பறக்கப் போறதில்லை, சீதா."

"ஏன்?"

"மெக்கானிக்கை நம்ப முடியலை."

அவள் சிரித்தாள். "நீங்கதானாக்கும் மெக்கானிக்!"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மெல்லக் கேட்டாள்.

"அப்போ, நீங்க கையெழுத்துப் போடற பெரிய ஃப்ளைட்டெல்லாம்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவன் பயந்துகொண்டிருந்தான். வெள்ளிக்கிழமையும் இதே கைதான், இதே சிவப்புதான். இறுக்கினேனா? எந்த நட்டை நினைத்தாலும் கோடு மட்டுமே கண்ணில் நின்றது. சொன்னால் லைசென்ஸ் போகும், வேலை போகும், இத்தனை வருஷத்துப் பெயர் போகும். சொல்லாவிட்டால்?

எச்சில் கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் ஷிப்ட் மேலாளர் பிச்சைமணியை அழைத்தான்.

"என்னப்பா வெங்கி, லீவு நாள்ல?"

"சார், நான் பாத்த விமானங்களை நிறுத்துங்கோ. திரும்பப் பாக்கணும்."

"எதை?"

"எல்லாத்தையும் சார். எதை இறுக்கினேன்னு எனக்கே தெரியலை."