எண்ணூற்று இருபத்தொரு பேர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. சித்திரை மாதம், மொன்றியலின் கர்க்லாண்டில் ஒரு கராஜில், குளிர்கால டயரைக் கழற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சொன்னது. "பேரை மட்டும் மாத்திப் போடும்" என்றார். மாற்றிவிட்டேன். அவர் பெயர் இனி வலன்ரைன்.

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று.

அன்று மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டி—

(வேண்டாம். இங்கே எழுதப்படுகிற கதையெல்லாம் பனியில்தான் தொடங்குகிறது.)

மூன்றாம் கால் பகுதி ஆட்டம் முடிந்தபோது வலன்ரைனின் அணியில் எழும்பி நிற்கக்கூடியவர்கள் பதினேழு பேர்தான்.

இது இருக்கட்டும்.

2

வலன்ரைனுக்கு வயது ஐம்பத்திரண்டு. மன்னாரில் பிறந்து, பதினாறு வயதில் அகதியாக இங்கே வந்தவர். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறார். பன்னிரண்டு வருடமாக அந்தப் பள்ளியின் ஃபுட்போல் பயிற்சியாளரும் அவர்தான். நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல; முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைக்கவசம் மாட்டி, ஆளை ஆள் மோதி விழுத்துகிற இங்கத்தைய ஃபுட்போல்.

போன ஐப்பசியில் அவருடைய பிள்ளைகள் இரண்டாயிரத்து நூறு மாணவர்கள் படிக்கிற ஒரு பள்ளியோடு மோத வேண்டி வந்தது. அங்கே களைத்தவனை வெளியே எடுத்து, களைக்காதவனை உள்ளே விடலாம். இவரிடம் மாற்றப் போதிய ஆளில்லை. அறுபத்தொன்றுக்குப் பூச்சியம். கடைசியில் பந்தெறிகிற பொடியனின் காறை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு எதிரணிப் பிள்ளைகளே தலைக்கவசத்தைக் கழற்றினார்கள்.

அந்தக் கிழமையே வலன்ரைன் ஒரு பிரேரணை எழுதினார். லீக் இனி வென்றவர் தோற்றவர் பார்த்துப் பிரிவு பிரிக்கக் கூடாது. பள்ளியின் மாணவர் தொகையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எண்ணூறுக்கு மேலே முதலாம் பிரிவு. ஐந்நூறு முதல் எண்ணூறு வரை இரண்டாம் பிரிவு. அதற்குக் கீழே மூன்றாம் பிரிவு. அவருடைய பள்ளியில் நானூற்று முப்பத்தொரு பேர்.

பெரிய பள்ளிகள் ஏதாவது சாட்டுச் சொல்லிச் சுழித்துவிடும் என்று பயந்து இரண்டு வசனங்களை இறுக்கி எழுதினார். "செப்டம்பர் முப்பதாம் திகதி பள்ளியில் பதிவுள்ள மாணவர் எல்லாரும் கணக்கில் வருவர்." "முதல் இரண்டு வருடத்துக்கு எவருக்கும் விதிவிலக்கு இல்லை."

லீக்கின் பதினான்கு பள்ளிகளும் கை உயர்த்தின. வலன்ரைன் காருக்குள் போயிருந்து அழுதாராம்.

(எழுதுகிறவனாக எனக்கு அந்த இரண்டு வசனத்திலும் பொறாமை. ஒரு சொல் கூட மிகையில்லை.)

3

மாசியில் பட்டியல் வந்தது. இடைவேளையில் கைத்தொலைபேசியில் திறந்தார். மூன்றாம் பிரிவில் தன் பள்ளியைத் தேடினார். இல்லை. இரண்டாம் பிரிவிலும் இல்லை. மேலே போனார்.

முதலாம் பிரிவு. எண்ணூற்று இருபத்தொரு மாணவர்.

"பிழையாக்கும்" என்று லீக் அலுவலகத்துக்குத் தொலைபேசி அடித்தார். பிழையில்லை. நானூற்று முப்பத்தொன்றோடு முந்நூற்றுத் தொண்ணூறு. அந்த முந்நூற்றுத் தொண்ணூறு பேர், நாட்டுக்குப் புதிதாக வந்து, அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பிரெஞ்சு படிக்கிற வரவேற்பு வகுப்புப் பிள்ளைகள். அவர்களும் பதிவுள்ள மாணவர்தானே?

ஃபுட்போல் என்றாலே என்னவென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் ஆள்பலம் கூடப்போவதுமில்லை. ஆனால் அவரைத் திகைக்க வைத்தது அதுவல்ல.

"நான் அவையளை எண்ணேல்லை" என்று கராஜில் என்னிடம் சொன்னார். "பன்னிரண்டு வருசமா நானூற்று முப்பது எண்டுதான் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். நான் இந்த நாட்டில முதல் போயிருந்தது அந்த மாதிரி வகுப்பிலதான். என்னையே நான் எண்ணேல்லை, தம்பி."

4

அதிபர் நல்ல பெண்மணி. (கதைக்கு வில்லி தேவைப்பட்டதால் ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) அவர் லீக்கோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

"ஒரு கடிதம் போதும், வலன்ரைன். வரவேற்பு வகுப்புகள் தனி நிறுவனம், எங்கள் பள்ளியைச் சேர்ந்தவை அல்ல என்று எழுதி நாம் இருவரும் கையெழுத்து வைத்தால் மூன்றாம் பிரிவுக்கு இறக்குவார்கள். பங்குனி கடைசி வெள்ளி மத்தியானத்துக்குள் போக வேண்டும்."

"வேற நிபந்தனை?"

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கில் இல்லாத பிள்ளை களத்திலும் இருக்க முடியாது."

வலன்ரைனின் அணியில் வரவேற்பு வகுப்பிலிருந்து ஒரேயொரு ஆள் இருந்தாள். பதினைந்து வயதுச் சாம்பவி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியில் விளையாடியவள். கம்பங்களுக்கு நடுவால் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்க அவளை விட்டால் ஆளில்லை.

ஒருத்திக்காக இருபத்துமூன்று பேரைப் பலி கொடுப்பதா? கணித வாத்தியார் கணக்கைப் போட்டார். விடை வந்தது. கடிதத்தை அச்சடித்து மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனார்.

5

திரும்பி வந்தபோது சாம்பவி மேசையடியில் நின்றாள். வீட்டுப்பாடக் கொப்பி கொடுக்க வந்தவள். பிரெஞ்சில் எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்க்கச் சொல்லி அவளுக்குச் சொன்னதே வலன்ரைன்தான்.

"சேர், இதில 'சேராத' எண்டு கிடக்கு. ஆர் சேராதது?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"எங்களையோ, சேர்?"

"பிள்ளை, இது ஃபுட்போல் விசயம். வேற ஒண்டுமில்லை."

அவள் கடிதத்தை இருந்த இடத்திலேயே நேராக வைத்தாள். கோபமில்லை, அழுகையுமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவளைப் போலக் கேட்டாள்:

"அப்ப நாங்கள் எந்தப் பள்ளிக்கூடம் எண்டு சொல்லிறது?"

சாம்பவி அந்தக் கணம்

சாம்பவியின் கண்களில் ஒரு

(இரண்டையும் விட்டுவிட்டேன். அவள் என்ன நினைத்தாள் என்று வலன்ரைனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

வலன்ரைன் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். கிழிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிழிக்கவில்லை.

6

முதலாம் பிரிவில் விளையாடுவதானால் பெற்றோர் ஒவ்வொருவரும் புதுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஆகக் குறைந்தது இருபத்துநான்கு பேர். அதற்குக் குறைந்தால் அணி கலையும். இரண்டு வருடத்துக்கு லீக்கில் இடமில்லை. வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்கு நூலகத்தில் பெற்றோர் கூடினார்கள். கடிதம் போக வேண்டியது மறுநாள்.

வலன்ரைன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்: தன் வசனம், தன் பிழை, கடிதம், சாம்பவி. பலர் உடனே கையெழுத்து வைத்தார்கள். சிலர் யோசித்து வைத்தார்கள். இருபத்துமூன்று படிவம் சேர்ந்தது. சாம்பவியின் தாய் வைத்ததும் அதற்குள் உண்டு.

மிச்சம் றொசான். இல்-பிசாரில் வீட்டுக் கூரை வேலை செய்கிறவர். வேலை உடுப்போடு வந்திருந்தார். அவருடைய மகன் ஐம்பத்துமூன்று கிலோ.

"மாஸ்ரர், அண்டைக்கு அந்தப் பொடியன்ர எலும்பு முறிஞ்சேக்க நான் வேலிக்கரையில நிண்டனான்" என்றார். "அந்தப் பிள்ளையளைத் தள்ளி வைக்க உங்களுக்கு மனமில்லை. சரி. எனக்கும் விளங்குது. ஆனா உங்கட மனச்சாட்சிக்கு என்ர பிள்ளையின்ர முள்ளந்தண்டோ?"

வலன்ரைன் இத்தனை நாளும் யோசித்தது சாம்பவியின் கேள்வியை. இந்தக் கேள்வியை ஐப்பசியில் கேட்டவர் அவரே அல்லவா? அதற்காகத்தானே பிரேரணையே எழுதினார்?

"ஒண்டும் நடக்காது எண்டு சொல்லுங்கோ. வைக்கிறன்."

"அப்பிடிச் சொல்ல ஏலாது, றொசான்."

7

மூன்று முடிவு எழுதினேன்.

அ. றொசான் கையெழுத்து வைக்கிறார். முதல் ஆட்டம். சாம்பவி உதைத்த பந்து கடைசி வினாடியில்— (அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

ஆ. றொசான் எழும்பிப் போகிறார். அணி கலைகிறது. (நடக்கக்கூடியது. ஆனால் எழுத எழுத எனக்கு றொசான்மேல் கோபம் வந்தது. அந்த மனிதர் செய்த பிழை என்ன?)

இ. எல்லாரும் போன பிறகு வலன்ரைன் வகுப்பறைக்குப் போய், லாச்சியைத் திறந்து, கடிதத்தில் கையெழுத்து வைக்கிறார். இருபத்துமூன்று பிள்ளைகளும் பத்திரம்.

மூன்றாவதை வாசித்துப் பார்த்துத்தான் அதிர்ந்து போனேன். அதில் ஒரு வெட்டு இல்லை, திருத்தம் இல்லை. ஒரே மூச்சில் வந்திருந்தது. காரணங்கள் வரிசையாக, மரியாதையாக, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்திருந்தன. வாசித்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். இத்தனை இலகுவாக நான் முந்நூற்றுத் தொண்ணூறு பேரை வெளியே விட்டிருக்கிறேன்.

உண்மையில் நடந்ததை வலன்ரைன் எனக்குச் சொன்னார். நான் எழுதப் போவதில்லை. எழுதினால் "ஓம், சரிதான்" அல்லது "சீ, பாவம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்.

நூலகத்தில் றொசானுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது. இருங்கள். உங்களுக்கும் பதினைந்து வயதில் ஒரு பிள்ளை; ஐம்பத்துமூன்று கிலோ. இரண்டாம் மாடியில் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்கிறது. பின்னேர வகுப்பு முடிந்து வரவேற்பு வகுப்புப் பிள்ளைகள் படியிறங்குகிறார்கள். வலன்ரைன் படிவத்தை உங்கள் பக்கம் தள்ளுகிறார். பேனா தருகிறார்.

எதுவும் சொல்லி உங்களைத் தேற்ற அவர் முயலவில்லை.